தானாகத் திறக்கும் அந்தப் பக்கம்: கையால் களைவதா, ரீசெட்டா, ஃபார்மட்டா?

மாமாவின் ஜெராக்ஸ் கடையில் குரோமைத் திறந்தால் கூகுள் வருவதில்லை. வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு தேடல் பெட்டி, அதற்குக் கீழே எட்டு விளையாட்டுப் படங்கள், ஓரத்தில் தொப்பை குறைக்கும் விளம்பரம், இப்படி ஒரு பக்கம் வந்து நிற்கிறது. அதில் எதைத் தேடினாலும் மேலே முகவரி இரண்டு மூன்று தடவை கண்சிமிட்டும் நேரத்தில் மாறி, கடைசியில் வேறு ஏதோ தேடுபொறியின் முடிவுகளில் போய் முடிகிறது. ஜெராக்ஸ் கடை என்றால் விண்ணப்பம், ஹால் டிக்கெட், பட்டா நகல் என்று நாள் முழுக்க பிரவுசரிலேயே நடக்கிற பிழைப்பு. "மாப்ள, வர்றவன் எல்லாம் இதென்ன பக்கம்னு கேக்குறான். ஃபார்மட் போட்டுரலாமா? ஐந்நூறு ரூபா கேக்குறாங்க" என்று போன் செய்தார்.

ஃபார்மட் போடலாமா என்பது தப்பான கேள்வி இல்லை, ரொம்ப சீக்கிரம் கேட்கப்பட்ட கேள்வி. செட்டிங்ஸில் கையால் மாற்றலாம், எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) ஷார்ட்கட்டையும் துருவிப் பார்க்கலாம், பிரவுசரை ரீசெட் செய்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகலாம், அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம், துப்புரவு மென்பொருள் ஓட்டலாம், எல்லாம் வேண்டாம் என்று வேறு பிரவுசருக்குப் போய்விடலாம், கடைசியாகத்தான் ஃபார்மட், அதாவது கணினியைத் துடைத்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று போகும்: நேரம், லாகின்கள், எழுத்துருக்கள், காசு. அந்தப் பக்கம் எங்கே உட்கார்ந்துகொண்டு வருகிறது என்று பார்க்காமல் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், மறுநாள் காலையில் அதே எட்டு விளையாட்டுப் படங்கள்தான்.

அது ஏன் இவ்வளவு பிடிவாதமாக வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காசுதான். அந்தப் பெட்டியில் நீங்கள் தேடுகிற ஒவ்வொரு தேடலும், சொடுக்குகிற ஒவ்வொரு விளம்பரமும் நடுவில் இருக்கிறவனுக்குச் சில்லறை தருகிறது, லட்சக்கணக்கான கணினிகளில் அப்படி உட்கார்ந்தால் சில்லறை மூட்டையாகிறது. 2017-ல் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஃபயர்பால் என்ற இதே வகைச் சரக்கைப் பற்றி அறிக்கை வெளியிட்டு 25 கோடிக் கணினிகள் என்று கணக்குச் சொன்னது. அது மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது, ஆனால் அப்படி ஒன்று இல்லை என்று மறுக்கவில்லை. அதற்கும் முன்னால் பிரவுசரின் மேலே வந்து ஒட்டிக்கொள்ளும் பாபிலோன், கான்டூயிட் டூல்பார்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பழைய கதை. ஜாவா இன்ஸ்டாலரே ஆஸ்க் டூல்பாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்த காலம்கூட உண்டு. இவை பெரும்பாலும் சட்டப்படி வைரஸ் கிடையாது. ஏதோ ஒரு இலவச மென்பொருளை நிறுவும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ என்று நாமே கதவைத் திறந்துவிட்டிருப்போம். ஆன்டிவைரஸ் பல நேரம் கண்டும் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சரி, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். முதலில், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பிரவுசரைத் திறந்ததும் வருகிறதா, புது டேப் திறக்கும்போது மட்டுமா, வீடு மாதிரி இருக்கிற அந்த ஹோம் பட்டனை அழுத்தினால்தானா, முகவரிப் பட்டையில் தேடினால்தானா? நாலும் ஒன்று போலத் தெரியும், ஆனால் நாலும் நாலு தனி இடம். மூன்றை மாற்றிவிட்டு நாலாவதை விட்டவர்கள்தான் "மாத்துனேன், போகவே இல்ல" என்பார்கள். அப்புறம், பிரவுசரை நீங்கள் தொடாமலே, விண்டோஸ் ஏறியதும் அந்தப் பக்கம் தானாகத் திறந்தால், விஷயம் பிரவுசருக்குள் இல்லை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ, விண்டோஸோடு சேர்ந்து திறப்பவற்றின் ஸ்டார்ட்டப் பட்டியலிலோ யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. பிரவுசரை முழுதாக மூடிவிட்டு, விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வருகிற சின்னப் பெட்டியில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். இப்படித் திறந்தால் டெஸ்க்டாப்பில் இருக்கிற ஷார்ட்கட் வழியாகப் போகாது. இப்போது பக்கம் சுத்தமாக வந்தால், திருடன் ஷார்ட்கட்டில்தான் இருக்கிறான். டெஸ்க்டாப் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், டார்கெட் என்ற பெட்டியில் கர்சரை வைத்து எண்ட் விசையை அழுத்துங்கள். அந்தப் பெட்டி சின்னது, வரி நீளமானது, கடைசிப் பகுதி எப்போதும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும், அங்கேதான் வேலையைக் காட்டியிருப்பார்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ, அதற்கடுத்து மேற்கோள் குறி, வழக்கமாக அதோடு வரி முடியும். மேற்கோள் குறிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி தொங்கினால் அதை மட்டும் அழித்து ஓகே கொடுத்தால் போதும். டாஸ்க்பாரில் பின் செய்திருக்கும் ஐகானுக்குத் தனி ஷார்ட்கட். அதில் ரைட் கிளிக் செய்து, வரும் பட்டியலில் பிரவுசரின் பெயர் மேல் மறுபடி ரைட் கிளிக் செய்தால்தான் பிராப்பர்ட்டீஸ் கிடைக்கும். டெஸ்க்டாப்பைச் சரிசெய்துவிட்டு டாஸ்க்பாரை மறந்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு சோதனை, எட்ஜையோ ஃபயர்ஃபாக்ஸையோ திறந்து பார்ப்பது. எல்லாப் பிரவுசரிலும் அதே பக்கம் என்றால் கணினியில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. குரோமில் மட்டும்தான் என்றால், குரோமுக்குள்ளேயே புதிதாக ஒரு புரொஃபைல் (தனி அமைப்புகள் கொண்ட இன்னொரு பயனர்) உருவாக்கித் திறந்து பாருங்கள். அதில் வரவில்லையா, பழைய புரொஃபைலில் இருக்கும் ஏதோ எக்ஸ்டென்ஷன். அதிலும் வருகிறதா, கொஞ்சம் ஆழமான விவகாரம். நடுவில் ஒன்று: எட்ஜில் புது டேப் திறந்தால் செய்திகளும் கிரிக்கெட் ஸ்கோரும் கொட்டுவது இந்த வகைத் தொல்லை இல்லை, அது மைக்ரோசாஃப்டே அப்படித்தான் வைத்திருக்கிறது. அதற்காகத் துப்புரவு மென்பொருள் தேடி அலைய வேண்டாம்.

இப்போது வழிகளுக்கு வருவோம். செட்டிங்ஸில் கையால் மாற்றுவது இரண்டு நிமிட வேலை, எதுவும் அழியாது. குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ஆன் ஸ்டார்ட்டப், அங்கே அந்த முகவரியை நீக்கிவிட்டு நியூ டேப் பேஜ் என்பதைத் தேர்ந்தெடுப்பது. ஏதாவது எக்ஸ்டென்ஷன் இந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தால் அதன் பெயரைச் சொல்லி, "இதுதான் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது" என்று குரோமே காட்டிக்கொடுக்கும், பக்கத்திலேயே முடக்கும் பட்டனும் இருக்கும். வேறெங்கும் போகாமல் முதலில் இதைப் பாருங்கள். ஆனால் ஒருமுறை மாற்றி, பிரவுசரை மூடித் திறந்து, அப்படியே கணினியையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். திரும்ப வந்துவிட்டால் நாலாவது தடவை, ஐந்தாவது தடவை என்று மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. நீங்கள் அழிப்பதைப் பின்னால் ஒருவன் எழுதிக்கொண்டே இருக்கிறான்.

எக்ஸ்டென்ஷனைத் துருவுவதும் சுலபம்தான், ரிமூவ் பட்டன் இருக்கும்வரை. சில நேரம் அந்தப் பட்டனே இருக்காது. அட்மினிஸ்ட்ரேட்டர் நிறுவியது என்று ஒரு வரி மட்டும் இருக்கும், குரோமின் மெனுவில் கீழே "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வந்திருக்கும். அலுவலகக் கணினியில் இது வந்தால் சரியானதுதான், அதைத் தொடாமல் ஐடி ஆட்களிடம் விட்டுவிடுங்கள். வீட்டுக் கணினியில், அதுவும் நீங்களே காசு கொடுத்து வாங்கியதில் வந்தால், யாரோ உங்கள் கணினிக்கு ஓனர் ஆகியிருக்கிறார்கள். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம், கோலன், இரண்டு ஸ்லாஷ், பாலிசி என்று அடித்தால் என்னென்ன கட்டளைகள் திணிக்கப்பட்டிருக்கின்றன என்று பட்டியலே வரும். அதில் எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் வரி இருந்தால், அதன் வேர், அமைப்புகளை எல்லாம் எழுதி வைத்திருக்கும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது: லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்கிப் போக வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அந்தக் குரோம் ஃபோல்டர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு அழிக்கலாம். ரெஜிஸ்ட்ரியைப் பார்த்தாலே கை நடுங்கும் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரீசெட்தான் என் கணக்கில் பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தமானது, இவ்வளவு பேர் ஏன் இதை விட்டுவிட்டு நேராக ஃபார்மட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. குரோமில் செட்டிங்ஸின் கடைசியில் ரீசெட் செட்டிங்ஸ் இருக்கிறது. தொடக்கப் பக்கம், புது டேப், தேடுபொறி, பின் செய்த டேப்கள் எல்லாம் பழைய நிலைக்குப் போகும், எக்ஸ்டென்ஷன்கள் அனைத்தும் முடக்கப்படும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே இருக்கும். போகிறது குக்கீ, அதாவது எந்தெந்தத் தளத்தில் லாகின் செய்து வைத்திருந்தீர்களோ அங்கெல்லாம் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு ரிஃப்ரெஷ் என்று பெயர், முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபௌட், கோலன், சப்போர்ட் என்று அடித்தால் மேல் வலது மூலையில் பட்டன் கிடைக்கும். அது இன்னும் நாகரிகமானது: குக்கீயைக்கூட விட்டுவைக்கும், எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிடும், பழைய தரவை ஒரு ஃபோல்டரில் போட்டு டெஸ்க்டாப்பில் வைத்துவிடும். பத்து வருடமாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் அமைப்புகள் இருந்தால்தான் மனசு வலிக்கும். இரண்டு ரீசெட்டுக்கும் ஒரே குறை, கணினியில் தனியாக உட்கார்ந்திருக்கும் மென்பொருளை இவை தொடாது. அதை விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த பெயர்களைப் பார்த்து நீங்கள்தான் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். முதலில் அது, பிறகுதான் ரீசெட். வரிசையை மாற்றினால் வீண்.

பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள், இருப்பதிலேயே பலன் குறைந்த வழியும் அதுதான். குரோமை அன்இன்ஸ்டால் செய்யும்போது பிரவுசிங் தரவையும் அழி என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால் உங்கள் புரொஃபைல் ஃபோல்டர் அப்படியே டிஸ்கில் கிடக்கும், புதுக் குரோம் வந்ததும் அதையே எடுத்துக்கொள்ளும், எக்ஸ்டென்ஷன் உட்பட. டிக் போட்டு அழித்தாலும் கூகுள் கணக்கில் நுழைந்ததும், கணக்கில் இருப்பதை எல்லாக் கணினிக்கும் கொண்டுவரும் சிங்க் வசதி அந்த எக்ஸ்டென்ஷனைச் சமர்த்தாகத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும். ஆகவே எந்த வழியில் சுத்தம் செய்தாலும் சரி, முதலில் சிங்கை அணையுங்கள், வீட்டில் இன்னொரு கணினியிலும் அதே கணக்கு இருந்தால் அதையும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியானபின் திரும்பப் போடுங்கள்.

வேறு பிரவுசருக்கு மாறுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் பாம்பு என்று அடுத்த அறையில் படுத்துக்கொள்வது மாதிரி. அவசரமாக இன்று மாலைக்குள் ஒரு விண்ணப்பம் போட வேண்டும் என்றால் மட்டும் செய்யலாம்.

துப்புரவு மென்பொருள் விஷயத்தில்தான் ஏமாறுவது அதிகம். அந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டு எப்படி நீக்குவது என்று தேடிப் பாருங்கள், கட்டுரை கட்டுரையாக வரும், பாதிக் கட்டுரைகளின் கடைசிப் பத்தி ஏதோ ஒரு மென்பொருளை இறக்கச் சொல்லும், அது இலவசமாக ஸ்கேன் செய்து 400 கோளாறு என்று சிவப்பில் காட்டும், நீக்க வேண்டும் என்றால் காசு கேட்கும். பழைய கட்டுரைகள் இன்னொரு வகை. குரோமிலேயே கணினியைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது, அதை அழுத்துங்கள் என்பார்கள். 2023 மார்ச்சில் வந்த 111-ஆம் பதிப்போடு கூகுள் அந்தக் கருவியையே எடுத்துவிட்டது, தேடினால் கிடைக்காது. எனக்கு நம்பிக்கை உள்ளவை இரண்டு. ஒன்று அட்வ்கிளீனர், 2016-ல் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வாங்கியது, இலவசம், நிறுவத் தேவையில்லை, இரட்டைச் சொடுக்கில் ஓடும், இந்த வகைத் தொல்லைக்கென்றே செய்தது. அதை மால்வேர்பைட்ஸின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பிலிருந்து இறக்கினால் எட்டு விளையாட்டுப் படம் பதினாறாகும். இன்னொன்று விண்டோஸிலேயே இருக்கும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், கணினியை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் ஏறும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். கூடவே விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதிக்குள் தேவையற்ற மென்பொருளைத் தடுக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது, 2020-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து உண்டு, அது போடப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஒன்று ஞாபகம்: துப்புரவு கருவி கெட்டதோடு நல்லதையும் சேர்த்துக் காட்டும், பட்டியலை வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

ஃபார்மட்டுக்கு வருகிறேன். கணினி பழுதுபார்க்கும் கடைக்காரருக்கு அது வசதி, யோசிக்க வேண்டியதில்லை, பென்டிரைவைச் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். உங்களுக்கு அப்படி இல்லை. விண்டோஸின் ரீசெட் திஸ் பிசி வழியில் ஃபைல்களை வைத்துக்கொள் என்று சொன்னால் ஆவணங்கள் தப்பும், ஆனால் நிறுவிய மென்பொருள் எல்லாம் போகும். ஜெராக்ஸ் கடையில் அதற்கு என்ன அர்த்தம் என்றால் பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். எழுத்துருக்களும் போகும். பாமினியில் அடித்த பழைய மனுக்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், யாரோ ஒருவர் வந்து "போன வருஷம் அடிச்ச அதே பத்திரிகை" என்று கேட்கும்போதுதான் மாமாவுக்குத் தெரியவரும். இருந்தாலும் ஃபார்மட்தான் சரி என்று நானே சொல்லும் சந்தர்ப்பம் உண்டு. டிஃபெண்டர் தானாக அணைந்து திரும்பப் போட முடியவில்லை, கிராக் செய்த மென்பொருளை நிறுவிய பிறகுதான் எல்லாம் தொடங்கியது, அதே கணினியில் வங்கி வேலையும் நடக்கிறது என்றால், பக்கம் போனதா என்று பார்த்துத் திருப்தி அடைய மாட்டேன், ஃபைல்களைப் பிரதி எடுத்துவிட்டு முழுதாகத் துடைப்பேன், பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கணினியிலோ போனிலோ மாற்றுவேன்.

ஆக என் தேர்வு, வீட்டுக் கணினியில் ஒரே பிரவுசரில் மட்டும் தொல்லை என்றால் செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷனும், திரும்ப வந்தால் சந்தேக மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீசெட், எல்லாப் பிரவுசரிலும் வந்தால் அதோடு அட்வ்கிளீனர். கணினியில் அவ்வளவு பழக்கம் இல்லாத ஒருவருக்குப் போனில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் துருவலை எல்லாம் விட்டுவிட்டு நேராக ரீசெட்தான், "மாமா, இப்ப என்ன தெரியுது" என்று நாற்பது தடவை கேட்க வேண்டியதில்லை.

மாமா கடையில் எட்ஜ் சுத்தமாக இருந்தது, குரோமில் புதுப் புரொஃபைலிலும் அந்தப் பக்கம் வந்தது, எக்ஸ்டென்ஷனில் ரிமூவ் பட்டனைக் காணோம். உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரியை வாசித்துக் காட்டினேன். "எந்த நிறுவனம் மாப்ள? நான்தான ஓனரு" என்றார். ரெஜிஸ்ட்ரியில் அந்த ஃபோல்டரை அழித்தேன், பக்கம் போனது, நானும் பெருமையாக டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன், வந்துருச்சு. என் தப்புதான், மேலே நானே சொன்ன வரிசையை நானே பின்பற்றவில்லை. ஆப்ஸ் பட்டியலைத் தேதிப்படி வரிசைப்படுத்தியதும் இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த ஒரு பிடிஎஃப் சுருக்கும் மென்பொருள் மேலே நின்றது. விண்ணப்பத் தளங்கள் எல்லாம் 200 கேபி-க்குள் கேட்கின்றன, அதற்காக மாமா எங்கேயோ இறக்கியது. அது டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் காலையில் ஒரு வேலையைப் போட்டு வைத்து, அழித்ததைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அதை அன்இன்ஸ்டால் செய்து, ஷெட்யூலரில் மிச்சம் கிடந்ததை நீக்கி, ரெஜிஸ்ட்ரியை மறுபடி அழித்து, அட்வ்கிளீனர் ஓட்டி, கடைசியாகக் குரோம் ரீசெட். மொத்தம் நாற்பது நிமிடம்.

மாலையில் மறுபடி போன். பக்கம் வரவில்லை, ஆனால் விண்ணப்பத் தளங்கள் எல்லாம் லாகின் கேட்கின்றனவாம், குரோமில் எந்தப் பாஸ்வேர்டும் சேமித்திருக்கவில்லை. தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்த ஞாபகம், அது போன வருடக் காலண்டர், அத்தை அதை எங்கே போட்டாள் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.